ஆமை சாப்பிடும் அழகு

ஆல்டாப்ரா ராட்சத ஆமை மேய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குப் பல் கிடையாது, கொம்பாய் இறுகிய அலகு மட்டும்தான். சுருக்கம் விழுந்த கழுத்து நீண்டு, தடித்த இளஞ்சிவப்பு நாக்கு முன்னே வந்து புல்லைத் தொடும். அலகு கவ்வும். தலை பின்னுக்கு இழுபட, பழந்துணி கிழிவதுபோல 'டர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு அடுத்த வாய். அவசரம் என்பதே அதற்குத் தெரியாது. ஆல்டாப்ராத் தீவில் இப்படி ஓயாமல் மேய்ந்ததில், புல்லே குட்டையாகி, விதையைத் தரையோரம் ஒளித்துக்கொள்ளப் பழகிவிட்டது! பாறைக் குழியில் துளி மழைநீர் தேங்கினால் போதும், மூக்கை வைத்தே உறிஞ்சிக்கொள்ளும். இறந்த ஆமையின் எலும்பையும் விடாது. சுண்ணாம்புச் சத்து வேண்டுமே.

இத்தனை சாதுவான வாய்க்கு இன்னொரு முகம் உண்டு. 2020இல் சேஷெல்ஸின் ஃப்ரெகேட் தீவில், கூட்டிலிருந்து விழுந்த கடற்பறவைக் குஞ்சை ஓர் ஆமை வேட்டையாடியது படமாகியிருக்கிறது. விழுந்து கிடந்த மரத்தின்மேல் குஞ்சு. பின்னாலேயே ஆமை, அடிமேல் அடி வைத்து. இப்போது நாக்கு உள்ளே ஒடுங்கியிருக்கிறது, வாய் மட்டும் திறந்திருக்கிறது. குஞ்சு கொத்திப் பார்க்கிறது, நகர்கிறது, ஆனால் மரத்தைவிட்டு இறங்கவில்லை. பார்க்க எனக்கும் மனம் பதறத்தான் செய்தது. ஆனாலும் அந்தத் துரத்தலின் நிதானத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. மரத்தின் நுனியில் தலையைக் கவ்வி, பிறகு முழுதாக விழுங்கிவிட்டது.