மடிப்பில் எழுதியது

நான் சென்னையில் பி.காம். படித்தபோது கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பா மாதம் இரண்டு இன்லண்ட் லெட்டர் போடுவார். மண்டியில் கணக்கு எழுதியவர். அதனால் கடிதமும் நாள்வழிக் குறிப்பு மாதிரியே இருக்கும். பிள்ளையார் சுழி, தேதி, ‘இங்கு அனைவரும் நலம்.’ அப்புறம் மழை. அப்புறம் மல்லாட்டை விலை. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சென்னை ஹாஸ்டலில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒரு வாரம் அவஸ்தைப்பட்டேன்.) பசு கன்று போட்டது, பின்சுவர் இடிந்தது, பக்கத்து வீட்டுக்காரர் பம்ப்செட் மாற்றியது என்று மூன்று பக்கமும் நிரம்பிவிடும்.

அசல் சேதி அதில் எதிலும் இருக்காது. கோந்து தடவி ஒட்டுகிற மடிப்பு இருக்கிறதே, அதன் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ‘உன் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். கட்டுப் போட்டிருக்கிறது. இப்போது தேவலை. நீ வர வேண்டாம், பரீட்சையைப் பார்.’ அவசரமாகப் பிரித்தால் பாதி எழுத்து கோந்தோடு போய்விடும். அதனால் அப்பா கடிதத்தை நான் பிளேடு வைத்துத்தான் பிரிப்பேன்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டு விஷயம் எழுதுவது என்பது தமிழில் இன்று பெரிய தொழிலாகிவிட்டது. பத்திரிகைத் தொடர், புத்தகம், செல்போனில் ஃபேமிலி குரூப், எங்கும் ‘நான், என் மனைவி, என் பிள்ளை, என் மொட்டைமாடித் தோட்டம்.’ நானும் இதே பக்கத்தில் அதைத்தான் செய்கிறேன். ‘உங்க வீட்டுத் தோசைக்கல்லைப் பற்றி நாங்க ஏன் சார் படிக்கணும்?’ என்று வாசகர் ஒருவர் போஸ்ட்கார்டில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தோசைக்கல்லை வைத்து இலக்கியமும் பண்ணலாம், தற்பெருமையும் பண்ணலாம். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குத் தெரிந்த வழி காமர்ஸ்காரன் வழி. ஒரு வரவு எழுதினால் எங்கோ ஒரு பற்று எழுதியாக வேண்டும். சுயசரிதை படிக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான். வரவு யார் பெயரில், பற்று யார் தலையில்?

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையிலிருந்து ஆரம்பிக்கலாம். துய்ப்ளேக்ஸின் துபாஷி. 1736-இலிருந்து 1761-இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை துணிமூட்டை ஏறியது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்று அத்தனையும் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்துச் செஞ்சிக் கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த காலத்தை, அதிகாரத்தின் பக்கத்திலேயே நின்று பார்த்த மனிதர். சரித்திர ஆசிரியர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் கவனியுங்கள், யாராவது தன்னைப் புகழ்ந்தால் பிள்ளை ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்வார். துய்ப்ளேக்ஸின் மனைவியைப் பற்றி எழுதும்போது பேனாவில் மசிக்குப் பதில் மிளகாய்ச் சாந்து. வரவெல்லாம் தன் பெயரில், பற்றெல்லாம் அந்த அம்மாள் கணக்கில். வியாபாரி என்றால் இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

உ.வே.சாமிநாதையர் வேறு ஜாதிக் கணக்குப்பிள்ளை. ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. நூற்றிருபத்திரண்டு அத்தியாயம். முடிப்பதற்குள் 1942 ஏப்ரலில் காலமாகிவிட்டார். ஒரு ஜனரஞ்சக வாரப் பத்திரிகையில், கதைகளுக்கும் ஜோக்குகளுக்கும் நடுவில், எண்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பண்டிதர் தன் வீட்டுக் கதையைச் சொல்கிறார், ஜனங்கள் படிக்கிறார்கள்! இப்போது நாங்கள் எழுதுகிற ‘பத்தி’க்கெல்லாம் அவர்தான் தாத்தா.

அதில் ஓர் இடம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்காருகிறார். வீட்டில் எண்ணெய் இல்லை. வாங்கக் காசும் இல்லை. தமிழ்நாட்டிலேயே பெரிய புலவர் அவர். புராணம் புராணமாகப் பாடித் தள்ளியவர். மாணவர் சாமிநாதன் அதைத் தெரிந்துகொண்டு ஓடிப்போய் எண்ணெய் வாங்கிவந்து வைக்கிறார். அவ்வளவுதான். இதே சம்பவம் என் கையில் கிடைத்திருந்தால் ஆசிரியரின் கண்ணோரம் ஒரு துளி பளபளத்திருக்கும். மாணவரின் நெஞ்சு விம்மியிருக்கும். கடைசி வரியில் விளக்கு வேறு அணைந்திருக்கும். ஐயர் அந்த வேலையெல்லாம் செய்வதில்லை. எண்ணெய் இல்லை, வாங்கிவந்தேன். படித்துவிட்டு மேலே போக முடியாமல் உட்கார்ந்துவிடுவது நாம்தான்.

குறையும் சொல்ல வேண்டும். ஆசிரியருக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தவர், கல்யாணம் ஆன பிறகு மனைவியை ஏறக்குறைய மறந்துவிடுகிறார். கல்யாண அத்தியாயம் கலகலப்பாக இருக்கிறது. அந்தக் காலத்துக் கல்யாணத்தில் காபி கிடையாது என்பது உட்பட எல்லாம் சொல்கிறார். அப்புறம் ஏடு தேடி ஊர் ஊராகச் சுற்றுகிறார், ராத்திரி பகலாக புரூஃப் பார்க்கிறார். அத்தனை நாளும் அந்த வீட்டை ஓட்டியவர் யார்? புத்தகத்தை மூடிய பிறகு எனக்கு உறுத்துவது அந்த இடம்தான். காலம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 1925-இலிருந்து வாராவாரம் சுயசரிதை எழுதிய காந்தியும் அதே காலத்துக்காரர்தானே! டர்பன் வீட்டில் விருந்தாளியின் மூத்திரச் சட்டியை முகம் சுளித்துத் தூக்கியதற்காகக் கஸ்தூர்பாவைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போனேன் என்று எழுதினார். பற்று முழுக்கத் தன் பெயரில்.

எங்கள் ஜில்லாவுக்கு வருகிறேன். பவா செல்லதுரையின் ‘19, டி.எம்.சாரோனிலிருந்து’ தெரியுமல்லவா? திருவண்ணாமலையில் இருக்கிற தன் வீட்டு விலாசத்தையே தலைப்பாக்கியிருக்கிறார். மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே ‘முற்றம்’ என்று இலக்கியக் கூட்டம் நடத்தியவர். எழுத்தாளர்களுக்கு எந்நேரமும் திறந்திருக்கும் வீடு என்று பெயர் வாங்கிய வீடு. புத்தகத்தில் அந்தச் சூடு இருக்கிறது. மனிதர்களைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவருக்கு. படிக்கும்போதே பஸ் ஏறிப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று தோன்றும். எனக்கு ஒரு சின்னப் புகார் உண்டு. அன்பு கொஞ்சம் தூக்கல். உப்பு போதவில்லை என்பதல்ல, சர்க்கரை ஒரு ஸ்பூன் அதிகம். அவர் எழுத்து பேச்சிலிருந்து வருவது. எதிரே ஆள் உட்கார்ந்து கேட்கும்போது குரல் தானாக நெகிழும், பேப்பரில் அந்த நெகிழ்ச்சி ரெட்டிப்பாகத் தெரியும். அவருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை இது. எனக்கும் உண்டு, எனக்கு முற்றிப்போய்விட்டது.

அந்த வியாதிக்கு மருந்து அதே வீட்டிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பவாவின் மனைவி கே.வி.ஷைலஜா மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்த பாலசந்திரன் சுள்ளிக்காடின் ‘சிதம்பர நினைவுகள்’. கவிஞர், கேரள அரசின் கருவூலத்தில் வேலை பார்த்தவர், பிற்பாடு நடிகர். வேலையும் காசும் இல்லாத நாட்களில் ஓணத்தன்று பசி தாங்காமல் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் பிச்சைக்காரனாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். அந்த வீட்டுப் பெண் இவர் கவிஞர் பாலசந்திரன் என்று அடையாளம் கண்டுபிடித்துவிடுகிறாள். இலையில் சோறு இருக்கிறது, எதிரே வாசகி நிற்கிறாள். வேறொருவர் என்றால் அந்தப் பெண்ணின் கருணையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தப்பித்திருப்பார். இவர் தப்பிப்பதில்லை. புத்தகம் நெடுக இப்படித்தான். இரக்கம் கேட்பதில்லை, தன்னைத் தூக்கிப் பிடிப்பதும் இல்லை. வாங்கிப் படியுங்கள். ராத்திரி படிக்காதீர்கள், தூக்கம் போகும்.

ஆனால் தன்னைப் பற்றி உண்மை எழுதுவது ஒன்று, தன்னோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவது வேறொன்று. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. தமிழ் தலித் எழுத்தில் ஒரு மைல்கல், இங்கிலீஷுக்குப் போய் 2000-இல் க்ராஸ்வேர்டு பரிசு வாங்கியது. ஊர்க்காரர்கள் முதலில் என்ன செய்தார்கள்? எங்களைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று ஏழு மாதம் அவரை ஊருக்குள் விடவில்லை. பாமாவுக்கு அதில் சுயலாபம் எதுவும் கிடையாது. தன் வலியையும் தன் ஜனங்களின் வலியையும் எழுதினார். அவருக்கே அந்தக் கதி.

என் கதி இன்னும் அற்பமானது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் என் அக்காவைப் பற்றி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கலாம், நிறையப் பேர் கடிதம் போட்டீர்கள். காலேஜில் எனக்கு ஃபீஸ் கட்ட அக்காவின் தோட்டை அடகு வைத்த கதை. ‘சேட்டுக் கடைக் கண்ணாடி மேஜை மீது தோடு விழுவதற்கு முன் அவள் கண்ணீர் விழுந்தது’ என்று எழுதியிருந்தேன். எனக்கே பிடித்த வரி. ஆபீஸில் கை கொடுத்தார்கள்.

அக்கா ஃபேமிலி குரூப்பிலிருந்து விலகிவிட்டாள். போன் எடுக்கவில்லை. நான்கு மாதம். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் இருந்த விஷயம் வெளியே வந்துவிட்டது, அதுதான் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்கு மன்னிப்பு கேட்க வாக்கியமெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

கார்த்திகை தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூர் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் மாடியில் நின்று மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் தீபம் ஒரு சின்னப் பொறியாகத்தான் தெரியும், ஆனால் தெரியும். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“ஏன்டா தம்பி, நான் எப்ப அழுதேன்?”

“அக்கா, அது வந்து...”

“நீ அந்தக் கடைக்கு வந்தியா?”

நான் வரவில்லை. அன்றைக்கு நான் சென்னையில் இருந்தேன்.

“திருகாணி கழலவே இல்ல. அம்மா தேங்காயெண்ண போட்டு இழுக்கறாங்க, இழுக்கறாங்க, காதே கையோட வந்துடும் போல. எனக்கு சிரிப்பு தாங்கல. அம்மாவுக்கும் சிரிப்பு. சேட்டு கடைக்குப் போனா அங்கயும் சிரிக்கிறோம், அந்த ஆளு இன்னாம்மா கல்யாணமான்னு கேக்கறாரு. அப்பா மீட்டுக் குடுக்க ஆறு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் ஓட்டை தூந்துடக் கூடாதுன்னு காதுல ஈர்க்குச்சி சொருகிக்கினு சுத்தினேன். ஸ்கூல்ல டீச்சருங்க எல்லாம் கேட்டாங்க, புது ஃபேஷன்னு சொன்னேன். அத எழுதினியா நீ?”

எழுதவில்லை. எனக்குத் தெரியாது. அப்பா கடிதத்தின் மடிப்பில்கூட அது வரவில்லை.

“அடகு வெச்சதச் சொன்னதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. எங்க மாமியார் வீட்லயும்தான் வெச்சிருக்காங்க, ஊர்ல யார் வெக்கல? நீ எழுதினதுக்கப்புறம் எல்லாரும் என்னப் பாவமா பாக்கறாங்கடா. இவ அழுதுகினே படிக்க வெச்சாளாம்னு. உனக்கு நல்லா இருக்கும்னு என்னை அழ வெச்சிட்ட.”

இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்துக்கு இதைவிடக் கறாரான விமர்சனம் வந்ததில்லை. பத்தாங் கிளாஸோடு நிறுத்திக்கொண்டு பால்வாடியில் வேலைக்குப் போனவள் அவள். தன் கதையில் தன் சிரிப்பை ஒருவன் திருடிவிட்டான் என்று கண்டுபிடித்துவிட்டாள். வரவு என் பெயரில், பற்று அவள் காதில்.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். உ.வே.சா. பகுதியில் ‘ம்’ கொட்டினாள். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய் வந்தாள். கடைசியில், “ஸ்கூல் இல்லடா, பால்வாடி. அங்க டீச்சர் நான் ஒருத்திதான், கேட்டது ஆயாம்மா” என்றாள். மேலே அப்படியே விட்டிருக்கிறேன், நான் எவ்வளவு லட்சணமாகக் குறிப்பெடுப்பேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.

திருத்தம்: இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் வெளியான கட்டுரையில் ‘அவள் கண்ணீர் விழுந்தது’ என்று இருப்பதை ‘தேங்காயெண்ணெய் விழுந்தது’ என்று திருத்திப் படிக்கவும்.