தொமியேயின் சித்திரமும் பழிகரப்பு அங்கதமும்

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பகுத்தார். கரந்தது பழிகரப்பு எனவும் படும். கரத்தலுக்கு அச்சமே காரணம் எனக் கொள்ளல் எளிது. பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தொமியேயின் வரலாறும் அதற்குத் துணைநிற்பதுபோல் தோன்றும். லூயி பிலிப் மன்னரைக் காசு விழுங்கும் அரக்கராக 1831-இல் வரைந்தார். 1832-இல் சிறை புகுந்தார். 1835-இல் அரசியல் கேலிச் சித்திரங்களுக்குத் தணிக்கை வரவே, சமுதாய வாழ்வின்பால் திரும்பினார்.

ஆயின், நதாரைப் பற்றி அவர் 1862-இல் வரைந்த கல்லச்சுச் சித்திரத்தை நோக்குக. நதார் 1858-இல் பலூனில் ஏறி வானிலிருந்து நிழற்படம் எடுத்தவர். சித்திரத்தில் அவர் தொப்பி பறக்க, கருவியும் கையுமாகப் பாரிசின்மேல் மிதக்கின்றார். கீழே கட்டடந்தோறும் ‘நிழற்படம்’ என்ற எழுத்தே காணப்படுகின்றது. நிழற்படத்தைக் கலையின் உயரத்திற்கு நதார் ஏற்றுகின்றார் என்பது தலைப்பு. உயர்ந்தது கலையா, பலூன் மட்டுமா? ‘உயரம்’ என்னும் ஒரு சொல்லிலேயே புகழும் பழியும் உறைகின்றன.

ஈண்டு அஞ்சுதற்கு மன்னர் எவருமிலர். பழிப்பவன் தானும் அப்பழிக்குள் நிற்றலாலேயே இங்குப் பழி கரந்தது என்பது எம் துணிபு. நதாரும் முன்னர்க் கேலிச் சித்திரக்காரரே; தொமியேயை நிழற்படம் எடுத்தவரும் அவரே. நிழற்படத்தை எள்ளிய அச்சித்திரமோ, கல்லில் வரைந்து பொறியால் பல படிகளாக அச்சிடப்பெற்றது.