யார் முகம், யார் முடிவு?

2001 செப்டம்பரில் பெர்லின் நகரின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஒரு காலிக் கட்டடம் திரையாக மாறியது. கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் அமைப்பினர் அதன் மேல் எட்டு மாடிகளின் 144 ஜன்னல்களுக்குப் பின்னால் விளக்கு வைத்து, ஒவ்வொன்றையும் கணினி வழியாக எரியவும் அணையவும் செய்தார்கள். சாலையில் நிற்பவர் தன் கைப்பேசியில் ஓர் எண்ணை அழைத்து, விசைகளை அழுத்தி, கட்டடத்தின் மேலேயே 'பாங்' பந்து விளையாட்டை ஆடலாம். வீட்டிலிருந்து அசையும் படம் செய்து அனுப்பவும் வழி இருந்தது. 'பிளிங்கன்லைட்ஸ்' என்ற அந்த ஏற்பாடு 2002 பிப்ரவரி வரை நடந்தது.

சமூக ஊடகங்கள் வளர்ந்தபின் பொதுமக்களே பங்கேற்கும் இந்த வகைக் கலை பெரிதாகப் பரவியது. அதில் முக்கியமானது பிரெஞ்சுக் கலைஞர் ஜே.ஆர். 2011-ல் டெட் பரிசுத் தொகையைக் கொண்டு தொடங்கிய 'இன்சைட் அவுட்'. ஒரு குழு தாங்கள் சொல்ல விரும்பும் கருத்தைத் தீர்மானித்து, தங்கள் முகங்களைப் படமெடுத்து இணையத்தில் அனுப்பும். அவை பெரிய கறுப்பு வெள்ளைச் சுவரொட்டிகளாக அச்சாகித் திரும்பி வரும். பசை காய்ச்சி ஒட்டுவது அந்தக் குழுவின் வேலை. பல நாடுகளில் லட்சக்கணக்கானோர் இதில் சேர்ந்துவிட்டார்கள்.

இதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நகரத்துச் சுவர்களில் ஆளுயர முகம் வேண்டுமானால் தலைவராகவோ நடிகராகவோ இருக்க வேண்டும், இல்லையேல் காசு கொடுத்து விளம்பரம் செய்ய வேண்டும். அந்த இடத்தில் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் சிரிப்பு வந்து உட்காரும்போது, சுவர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தானாக எழுகிறது. படங்களில் நிறுவன முத்திரை இல்லை என்பதும் பாராட்டத்தக்கது. ஒட்டுவதற்காகத் தெருவில் கூடுகிறவர்களுக்குள் உண்டாகும் பழக்கம், காகிதம் கிழிந்த பின்னும் நிற்கும்.

ஆனால் குறைகளும் அதே அளவுக்கு ஆழமானவை. அளவு, நிறம், சட்டகம் எல்லாம் முன்பே முடிவானவை. பங்கேற்பவர் தருவது முகத்தை; வடிவம் கலைஞருடையது. இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. எல்லோரையும் முகம் காட்டச் சொல்லும் ஜே.ஆர். பொது வெளியில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகவே தோன்றுகிறார். பெயரும் இரண்டு எழுத்துதான். அடையாளத்தை மறைத்துக்கொள்ள அவருக்குக் காரணம் இருக்கலாம். அந்தக் காரணம் சாதாரண மனிதருக்கும் உண்டு. சுவரொட்டி மழையில் கரைந்துவிடும். இணையத்தில் ஏறிய முகம் கரையாது. முகத்தை அடையாளம் காணும் மென்பொருள்கள் பெருகிவிட்ட காலத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

துனிசியா இன்னொரு பாடம் தந்தது. அதிபர் பென் அலி 2011 ஜனவரியில் நாட்டை விட்டு ஓடிய பிறகு, 'இன்சைட் அவுட்' திட்டத்தின் பகுதியாக உள்ளூர்ப் புகைப்படக் கலைஞர்கள் அவரது படங்கள் இருந்த இடங்களில் சாதாரண குடிமக்களின் முகங்களை ஒட்டினார்கள். நோக்கம் உன்னதமானது. ஆனாலும் சில இடங்களில் மக்கள் அவற்றைக் கிழித்தெறிந்தார்கள். 23 ஆண்டுகள் ஒரே முகத்தைச் சுவர்தோறும் பார்த்துச் சலித்தவர்களுக்கு வேறு முகம் தேவைப்படவில்லை. வெறும் சுவர் தேவைப்பட்டது. படம் எடுத்தவரிடமும் படத்தில் இருந்தவரிடமும் சம்மதம் இருந்தது. அந்தச் சுவருக்கு எதிரே தினமும் நடப்பவரின் சம்மதம்தான் கணக்கில் வரவில்லை. என் பார்வையில், கிழித்தவர்களும் அந்தக் கலையின் பங்கேற்பாளர்களே.

பெர்லின் முயற்சியிலும் எல்லை உண்டு. 144 கட்டங்களுக்குள் சொல்லக்கூடியது கொஞ்சம். ஒரு நேரத்தில் ஆடக்கூடியவர் ஓரிருவர். ஆயினும் தெருவில் நின்றவர் அழுத்திய விசை அந்த நொடியே கட்டடத்தில் தெரிந்தது. அனுப்பிய படத்தை வரைந்தவர் அனுப்பியவரே. எண்ணிக்கையில் சிறியதாக இருந்தும், பங்கேற்பு என்ற சொல்லுக்கு அது கூடுதல் நியாயம் செய்தது.

எனவே இத்தகைய கலையை எத்தனை பேர் படம் அனுப்பினார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எண்ணி மதிப்பிடுவது தவறு. அனுப்பியவரின் தீர்மானம் சுவரில் தெரிகிறதா, சுவரோடு வாழ்பவரிடம் கேட்டார்களா என்பவையே சரியான அளவுகோல்கள். இனி இப்படி ஒரு பணியைத் தொடங்குவோர், இணையத்தில் அழைப்பு விடுவதற்கு முந்தின நாள் அந்தத் தெருவில் நடந்து, வீடு வீடாகக் கேட்டுவிட்டு வரட்டும். வேண்டாம் என்று தெரு சொன்னால் அந்தச் சுவரை விட்டுவிடட்டும்.