சிறகை வெட்டும் அசைப்பிரிப்பு

கிரேக்க மூலத்தாலாய நெடிய விஞ்ஞானச் சொற்களை ஆங்கில அகராதிகள் அசை பிரித்துக் காட்டுவது உச்சரிப்பின் பொருட்டேயாம். அதனையே பொருட்பிரிப்பாகக் கொண்டு கற்பித்தல் பெரும் பிழை. 'ஹெலிகொப்டர்' என்பதை நோக்குக. 1861இல் பிரெஞ்சுக்காரரான பொந்தோன் தமேகூர் ஆக்கிய இச்சொல்லின் உறுப்புக்கள் இரண்டு: சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', சிறகைக் குறிக்கும் 'ப்டெர்'. ஆங்கில நாவோ 'ஹெல்-இ-கொப்-டர்' எனச் சிறகின் நடுவே வெட்டுகின்றது. முன்னிரண்டு அசைகளைக் கண்ட மாணவன், எழுத்தொற்றுமையால் ஹீலியத்தை நினைந்து, ஞாயிற்றைக் குறிக்கும் 'ஹீலியோஸ்' என்பதை இங்கும் தேடுவான்.

வெட்டுக்குக் காரணம் உண்டு. பகரமும் டகரமும் கூடி அசைக்கு முதலாதலை ஆங்கிலம் ஏலாது. ஆதலின் 'டெரொடக்டில்' என்பதன் முதற்கண் பகரம் எழுத்தில் நின்று ஒலியில் மறையும். 'லெப்பிடொப்டெரா' என்பதன் இடையிலோ முன்னசையைச் சார்ந்து ஒலிக்கும். கிரேக்கர் ஈரிடத்தும் ஒலித்தனர். (மொழிமுதற்கண் மெய்ம்மயக்கம் ஏலாத தமிழர்க்கு இது புதுமையன்று.)

வகையுளி செய்து அலகிடுவோன், அவ்வாறு பிரிந்த சீரைக் கொண்டே செய்யுட்குப் பொருளுரைப்பானோ? விஞ்ஞான ஆசிரியரும் கரும்பலகையில் ஒலிப்பிரிப்பையும் பொருட்பிரிப்பையும் தனித்தனி எழுதுதல் வேண்டும். பிழைப்பிரிப்பே வழக்கில் வென்றதும் உண்டு. நான்கு சுழலிகளையுடைய பறக்கும் பொறி இன்று 'குவாட்கொப்டர்' எனப்படுகின்றது. அதிலுள்ள 'கொப்டர்' கிரேக்கர் அறியாத உறுப்பு.