யாருடைய கதை இது?

சிறுவர்க்கென எழுதப்படும் நூல்களை நம் இதழ்கள் பெரும்பாலும் மதிப்புரைப் பகுதியின் கடைசி மூலையில் நான்கே வரிகளில் முடித்து விடுகின்றன. அந்த நான்கு வரிகளிலும் 'நற்கருத்துள்ள நூல்' என்ற சான்றிதழ் ஒன்றே மிஞ்சும். அமெரிக்க எழுத்தாளர் ஷரன் கிரீச் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி வாண்டரர்' என்னும் நாவலை அவ்வாறு கடந்துபோக நம்மால் இயலவில்லை. 1995இல் 'வாக் டூ மூன்ஸ்' நூலுக்காக நியூபெரிப் பதக்கம் பெற்றவர் கிரீச். 'தி வாண்டரர்' 2001இல் அதே விருதுக் குழுவின் சிறப்பு மதிப்பைப் பெற்றது. விருதுகள் நிற்க. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தன் மாமன்மாரோடு பாய்மரப் படகில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கிறாள் என்பதே கதை. அவள் எதைக் கடக்கிறாள் என்பதுதான் நாம் பேச விரும்புவது.

சோபியின் தாத்தா பாம்ப்பி முதிய வயதில் இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்றுவிட்டார். அவரைக் காண, அவருடைய மூன்று புதல்வர்களான டாக், ஸ்டூ, மோ ஆகியோர் 45 அடி நீளமுள்ள படகில் புறப்படுகின்றனர். ஸ்டூவின் மகன் பிரையனும் மோவின் மகன் கோடியும் உடன் செல்கின்றனர். பெண்பிள்ளை எதற்கு என்ற முணுமுணுப்பைத் தாண்டி, கருவிகளைக் கையிலெடுத்துப் படகைப் பழுதுபார்த்துக் காட்டி, தன் இடத்தைத் தானே பெற்றுக்கொள்கிறாள் சோபி. கனெக்டிகட்டில் தொடங்கும் பயணம் பிளாக் தீவு, மார்த்தாஸ் வின்யார்டு, கனடாவின் கிராண்ட் மனான் என்று கரையைத் தொட்டுத் தொட்டுச் செல்கிறது. பின்னர்தான் பெருங்கடலுக்குள் இறங்குகிறது.

சோபி இக்குடும்பத்தில் பிறந்தவள் அல்லள், தத்தெடுக்கப்பட்டவள். தத்தெடுத்த தாயின் உடன்பிறந்தாரே இம்மூவரும். ஆங்கிலம் ஒரே 'அங்கிள்' என்னும் சொல்லால் மறைத்துவிடும் இவ்வுறவு, தமிழில் படிக்கும் நமக்குத் தாய்மாமன் என்ற சொல்லின் முழுக் கனத்தோடு வந்து நிற்கிறது. தாய்மாமன் என்றால் நம் குடும்பங்களில் கடமை உண்டு, உரிமை உண்டு. அந்தக் கனம் இந்தப் பெண்ணுக்குக் கிடைக்குமா என்பதுதான் படகில் எவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. பிரையன் மட்டும் கேட்கிறான். பட்டியல் போடுவதிலும் ஒழுங்கு பார்ப்பதிலும் தந்தையைக் கொண்டு பிறந்த அச்சிறுவன், கண்டிராத தாத்தாவின் கதைகளை இவள் எப்படிச் சொல்லலாம் என்று முகத்துக்கு நேரே வினவுகிறான். அவனை வெறுப்பது எளிது. ஆனால் நாவலில் உண்மையான கேள்விகளை எழுப்புபவன் அவனே என்பதை இரண்டாம் வாசிப்பில்தான் நாம் கண்டுகொண்டோம்.

நூல் முழுவதும் இரு நாட்குறிப்புகளாக அமைந்துள்ளது. ஒன்று சோபியுடையது, மற்றது கோடியுடையது. இந்த உத்தி நமக்குப் புதிதன்று. பலர் கையாண்டு தேய்த்துவிட்டதுகூட. கிரீச்சின் கையில் அது வேறு வேலை செய்கிறது. சோபியின் குறிப்பு அழகாக இருக்கிறது. கடலின் நிறம், வானம், படகின் அசைவு எல்லாம் அதில் உண்டு. தன்னைப் பற்றிய உண்மை மட்டும் இல்லை. பெற்றோர் என்று அவள் எழுதும்போது இப்போதைய பெற்றோரைத் தவிர வேறெவரும் இருந்ததற்கான தடயமே இராது. கோடியின் குறிப்போ வெறும் கேலி, வித்தை, தந்தையோடு ஓயாத உரசல். ஆனால் சோபி மறைப்பதை நமக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கோமாளியின் குறிப்புதான். தன்னைப் பற்றித் தானே எழுதும் எழுத்தில் எவ்வளவு ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. சுயசரிதைகளை எளிதில் நம்பிவிடும் நம் வாசகர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம்.

படகில் ஒவ்வொருவரும் மற்றவர்க்கு ஒன்றைக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிரையன் பாய்களின் நிலைகளைக் கற்பிக்கிறான்; கோடி பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையைக் கற்பிக்கிறான்; சோபி பாம்ப்பியின் கதைகளைச் சொல்கிறாள். நாவலின் இதயம் இந்தக் கதைகளில் இருக்கிறது. சிறுவன் பாம்ப்பி தந்தையின் வண்டியோடு ஆற்றைக் கடக்க முயல்கிறான். வெள்ளம் வண்டியை இழுத்துச் செல்கிறது. பாலத்தின் நடுவே நிற்கையில் எதிரே தொடர்வண்டி வருகிறது, ஆற்றில் குதிக்கிறான். எங்குச் சென்றாலும் தண்ணீர் அவனை விழுங்கப் பார்க்கிறது. எப்படியோ அவன் கரையேறிவிடுகிறான். வீடு வந்ததும் தந்தையிடம் அடி. அதன்பின் தாயின் கையால் ஆப்பிள் பணியாரம். ஆற்றில் திருமுழுக்குப் பெற இறக்கப்பட்டபோது போதகரையே கடித்துவிட்டான் என்றொரு கதையும் உண்டு. அருட்சாதனத்தை இப்படிக் கையாளலாமா என்று நம்முள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நமக்கு அது நகைச்சுவையாக மட்டும் தோன்றவில்லை. நீரில் அமிழ்த்தப்படுவது இறப்பின் அடையாளம் என்று மறைக்கல்வியில் நாம் வாயால் சொல்லித் தருகிறோம். அச்சிறுவன் உடலால் அதை உணர்ந்து கடித்திருக்கிறான்.

இக்கதைகள் அனைத்தும் ஏன் நீரைப் பற்றியே இருக்கின்றன? பாம்ப்பியின் நெடிய வாழ்வில் வேறு நிகழ்ச்சிகளே இல்லையா? இருந்திருக்கும். கதைசொல்லிக்கு வேண்டியவை இவை மட்டுமே. சோபியின் பெற்றோர் கடலில் மாண்டவர்கள். கருஞ்சுவராய் எழுந்து வரும் பேரலை ஒன்று அவள் கனவுகளில் ஓயாமல் வருகிறது. மூழ்கிப் பிழைத்து வீடு திரும்பிய ஒருவரை அவள் தன் குலத்தின் முன்னோராகத் தெரிந்தெடுத்துக்கொள்கிறாள். தன் கதையையோ 'ஒரு சின்னப் பிள்ளை இருந்தது' என்று படர்க்கையில்தான் அவளால் சொல்ல முடிகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று தொடங்குவோரைக் குருக்கள் அறிவர். அப்படித் தொடங்குவது பொய்யன்று, அது வாயில்படி.

பெரியவர்கள் அவளுடைய கடந்த காலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதில்லை. அன்பினால்தான் பேசாதிருக்கிறார்கள். நம் மறைமாவட்டங்களில் பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கும் குடும்பங்கள் உள்ளன. உண்மையைச் சொன்னால் பிள்ளை விலகிப் போய்விடும் என்ற அச்சத்தில் ஆண்டுக்கணக்காக வாய்மூடி இருப்போரை நாம் அறிவோம். கிரீச் அவர்களைக் குற்றவாளிகள் ஆக்கவில்லை. பேசாத ஒன்று எங்கும் போய்விடுவதில்லை, இரவில் கனவாக எழுந்து வருகிறது என்பதை மட்டும் காட்டுகிறார்.

டாக் மாமாவின் இயற்பெயர் யோனா என்று ஓரிடத்தில் தெரியவருகிறது. கடலோடிக்கு ஆகாத பெயர் என்று மாற்றிவிட்டார்களாம். போகிற போக்கில் சொல்லப்படும் இக்குறிப்பு நம் போன்ற வாசகர்க்கு மிகவும் உவப்பானது. விவிலிய யோனா கடவுள் ஏவிய திசைக்கு எதிராகக் கப்பலேறினார். புயலின் நடுவே கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து உறங்கினார். தன்னைக் கடலில் எறியுமாறு அவரே சொன்ன பிறகுதான் கடல் அடங்கியது. இப்படகில் உண்மையில் யோனா யார்? பெயருக்குரிய டாக் அல்லர். ஓடுபவளும், தன்னுள் உறங்குபவளும், தன்னை வெளியே எறிந்தால்தான் அமைதி பெறக் கூடியவளும் சோபியே. கிரீச் இதை எண்ணித்தான் எழுதினாரா என்பது தெரியாது; எழுத்தில் இருக்கிறது என்பது போதும்.

பேரலை இறுதியில் வந்தே விடுகிறது. படகு சிதைவுறுகிறது, ஆட்கள் காயமடைகின்றனர், ஆனாலும் மூழ்கவில்லை. நாவல் 2000இல் வெளிவந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பின் நம் கடலோரப் பங்குகளில் இதைக் கையிலெடுக்கும் எவரும் அந்தப் பக்கங்களை வேறு விதமாகத்தான் படிப்பார்கள். நாமும் சற்று மூடி வைத்துவிட்டே தொடர்ந்தோம்.

குறைகள் உண்டு. டாக் மாமாவின் பழைய காதல் தற்செயல்களின் மீதே சாய்ந்து நிற்கிறது. மோவுக்கும் கோடிக்கும் இடையே ஆண்டுகளாய் இறுகிப்போன கசப்பு, ஒரு புயலில் இவ்வளவு விரைவாகக் கரைவதை நம்ப நம் அனுபவம் இடம் தரவில்லை. தந்தை மகன் பிணக்கு புயலோடு முடிவதில்லை. புயல் ஓய்ந்த மறுவாரம் மீண்டும் தொடங்கும். மேலும் இக்கடல் ஓய்வும் வசதியும் உடையோரின் கடல். வலை இல்லை, மீன் விலை இல்லை, கரையில் காத்திருக்கும் கடன்காரர் இல்லை. இதற்காக நூலைக் கடிந்துகொள்வதற்கில்லை. கல்லூரிப் படிப்பை முடித்த தம் மகள் அட்லாண்டிக்கைப் படகில் கடந்த அனுபவமே ஆசிரியருக்கு வித்து. அவர் அறிந்த கடலை அவர் எழுதினார்.

இதைவிடக் கடுமையான எதிர்ப்பு வேறொரு நூலிலிருந்து வருகிறது. சூசன் ஹேவுட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 2023இல் வெளியிட்ட 'வேவ்வாக்கர்' என்னும் தன்வரலாறு அது. 1976இல், அவருக்கு ஏழு வயதாயிருந்தபோது, கேப்டன் குக்கின் கடல்வழியைப் பின்பற்ற அவருடைய தந்தை குடும்பத்தோடு பாய்மரக் கப்பலில் புறப்பட்டார். மூன்றாண்டு என்று சொல்லப்பட்ட பயணம் ஏறத்தாழப் பத்தாண்டு நீண்டது. தென் இந்தியப் பெருங்கடலில் பேரலை தாக்கிச் சிறுமியின் மண்டை எலும்பு முறிந்தது. ஆம்ஸ்டர்டாம் தீவு என்னும் சிறு பிரெஞ்சுத் தீவில் மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுவை செய்யப்பட்டது. பள்ளிக்கூடம் இல்லை, தோழியர் இல்லை. வயது கூடக் கூட, கப்பலில் சமையலும் துப்புரவும் பெண்பிள்ளைக்கு என்றாயின. படிக்க வேண்டும் என்ற வேட்கையில் அஞ்சல்வழிப் பாடங்களைத் தானே தேடிப் படித்தார். பின்னர் நியூசிலாந்தில் தம்பியோடு கரையில் விடப்பட்டு, அங்கிருந்தே ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். இவை அவர் தம் நூலில் கூறுவன.

இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது நமக்கு உறக்கம் வரவில்லை என்றால் மிகையன்று. இரண்டிலும் குடும்பம், படகு, பேரலை, சிறுமி. ஒன்றில் கடல் அவளுக்கு அவளையே தருகிறது. மற்றதில் அவள் தன்னைக் கண்டடையக் கப்பலைவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது. வேறுபாடு அலையில் இல்லை. சோபி போக விரும்பினாள், கெஞ்சினாள், பெரியவர்கள் தயங்கிய பின்னரே இணங்கினர். சூசனை எவரும் கேட்கவில்லை. தந்தையின் கனவு பிள்ளையின் பள்ளிப்பருவத்தை விழுங்கலாமா? நான்காம் கட்டளையைப் பிள்ளைகளுக்கு நாம் நன்றாகவே கற்பிக்கிறோம். அதே மூச்சில் பவுலடியார் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் தந்தையரை நோக்கிச் சொன்ன எச்சரிக்கையை அதே குரலில் வாசிக்கிறோமா என்பது நம் ஐயம். ஹேவுட்டின் நூலில் சினம் சில இடங்களில் ஒரே சுருதியில் ஒலிக்கிறது. தாயைப் பற்றிய பக்கங்களில் வாசகர் மூச்சுவிட இடம் கிடைப்பதில்லை. என்றாலும் அந்தச் சினத்தை நன்றிகெட்டதனம் என்று தள்ளிவிட நாம் உடன்படோம்.

கிரீச்சின் நாவலில் படகு அயர்லாந்தில் கரை சேர்கிறது. அனைவரும் அங்கிருந்து இங்கிலாந்து செல்கின்றனர். பாம்ப்பி நோயுற்றுப் படுத்திருக்கிறார். சோபி அருகமர்ந்து அவருடைய கதைகளை அவருக்கே சொல்கிறாள். ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருக்கிறது. அக்கதைகளை அவரே அவளுக்கு மடல்களில் எழுதியனுப்பியிருந்தார் என்பதும் அங்கே தெரியவருகிறது. பிரையனின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. குருதியால் வராத பேத்திக்கு ஒரு கிழவர் தம் வாழ்வை அஞ்சல் வழியே பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஒரு கதை மட்டும், கடலில் நேர்ந்த ஒன்று, அவருக்கு நினைவில்லை. அது தம்முடையதன்று, அவளுடையது என்று மெல்லச் சொல்லிவிடுகிறார். இதைச் சொல்வதற்கு அவர் எந்தக் குரலையும் உயர்த்தவில்லை, ஆசிரியரும் உயர்த்தவில்லை. நூலில் நாம் மிகவும் மதிப்பது அந்த இடத்தைத்தான்.

இந்நாவலைத் தமிழாக்க முன்வருவோர்க்கு ஒரு சொல். தலைப்பே படகின் பெயரும் ஆகும். 'நாடோடி' என்றால் நிலத்தின் வாடை வந்துவிடும். 'அலை' என்னும் சொல்லைப் பாருங்கள். பெயராய் நின்றால் கடலின் அலை. வினையாய் நின்றால் ஊர் ஊராய்த் திரிதல். ஆங்கிலத்தில் ஆசிரியர்க்கு வாய்க்காத இந்த இரட்டைப் பொருள் நம் மொழியில் ஆயத்தமாகக் கிடக்கிறது.