ரைட் கார்னர் அண்ணன்

கபடியில் எல்லாரும் பாடி வருகிற ரைடரைத்தான் பார்ப்பார்கள். தர்மராஜ் சேரலாதன் களத்தில் இருந்தால் என் கண், அவர் பக்கத்து ஆளோடு கோத்திருக்கும் கைக்குப் போய்விடும். கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் மூலையில், நிற்பவர் தன்னை ஒட்டி நிற்கிறவரின் கையைப் பிடித்தபடிதான் முன்னே போவார், பின்னே வருவார். ரைடர் நெருங்க நெருங்க இளம் கார்னர்களின் பிடி இறுகும். மணிக்கட்டு நரம்பு புடைப்பது டி.வி.யிலேயே தெரியும். இவர் விரல்கள் தளர்ந்தே கிடக்கும். பாய வேண்டிய நொடியில் கையை விட்டாக வேண்டும் அல்லவா? இறுக்கிப் பிடித்த கையைப் பிரிக்க ஒரு கணம் பிடிக்கும். அந்த ஒரு கணத்தை அவர் முன்கூட்டியே மிச்சம் பிடித்து வைத்திருந்தார்.

அவருடைய தொழில் கணுக்கால் பிடி. ஆங்கிளைப் பிடிப்பது என்று பையன்கள் சொல்வார்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். குனிந்து காலைப் பிடித்தால் போயிற்று. ஆனால் ரைடரின் கால்களில் ஒன்றுதான் எந்த நேரத்திலும் பிடிக்கத் தக்கது. எடை முழுவதையும் தாங்கி நிற்கிற கால் அது. தூக்கிய காலைப் பிடித்தால் உதறிக்கொண்டு ஓடிவிடுவான். ஊன்றிய கால் உடனே எழாது. ஆகவே கார்னர் நிற்பவருக்குப் பார்வை ரைடரின் இடுப்பில் இருக்க வேண்டும் என்பார்கள் பயிற்சியாளர்கள். காலும் கையும் பொய் சொல்லும். இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் காலில்தான் எடை இறங்கப் போகிறது.

சேரலாதன் இதைப் படிக்கும் விதத்தில் ஓர் அலட்சியம் தெரியும். ரைடர் கையை நீட்டி ஆசை காட்டுவார், இவர் அசையமாட்டார். காலை நீட்டிப் போனஸ் கோட்டைத் தொடப் பார்ப்பார், அதற்கும் அரை அடி பின்வாங்குவதோடு சரி. முப்பது நொடியில் இருபது போயிருக்கும். மைக்கில் வர்ணனையாளர் குரலை ஏற்றுவார். ரைடர் உடம்பைத் திருப்பி மறுபக்கம் போக எத்தனிக்கும்போது பின்குதிகால் விரிப்பில் முழுசாகப் பதியும். அப்போது இவர் விழுவார். பாய்வார் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அது விழுதல்தான். இரண்டு கையும் கணுக்காலுக்குச் சற்று மேலே பூட்டிக்கொள்ளும். தலை முழங்காலில் இடிபடாமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். பிடித்த காலைத் தன் மார்போடு சேர்த்துக்கொள்வார். ரைடரின் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் அத்தனையும் வீண். அதனால் வரிசையின் உட்புறம் நிற்கிற கவர் ஆட்டக்காரர் வந்து மோதித் தள்ளும் வரை ஓர் அங்குலம்கூட நகர விடாமல் வைத்திருக்க வேண்டும். எழுந்ததும் தொடையைத் தட்டி ஆர்ப்பரிக்கும் வழக்கம் அவரிடம் குறைவு. முழங்கை உறையைச் சரிசெய்துகொண்டு மறுபடி மூலைக்கு நடப்பார். எனக்கு அந்த நடையும் பிடிக்கும்.

தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டிக்காரர். பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் கொண்ட சடையார் கோயில் இருக்கிற ஊர், கல்லணைக்குப் பக்கம். மயிலாடுதுறையில் எங்களுக்கு வந்து சேரும் காவிரித் தண்ணீர் அந்தப் பக்கத்தைக் கடந்துதான் வருகிறது. ஆகவே நம்மூர் ஆள் என்று சொந்தம் கொண்டாட எங்களுக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. பிறந்தது 1975. பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தபோது அவருக்கு 15 வயது. புரோ கபடி லீக் 2014 ஜூலையில் தொடங்கியபோது 39. மற்ற ஆட்டங்களில் ஓய்வு பெற்று வர்ணனைக்குப் போகிற வயதில்தான் இவரைத் தேசம் முதன்முதலாக டி.வி.யில் பார்த்தது. நல்ல வயசில் அவர் போட்ட பிடிகள் மண்ணோடு போயின. எங்களில் யாராவது சிலர் அப்போதே பார்த்திருந்தால் அது அவர்கள் கொடுத்து வைத்தது.

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் டெல்டா முழுக்க மின்னொளி கபடிப் போட்டிகள் நடக்கும். வண்டலைக் கொத்திக் கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவார்கள். வடுவூர் அணி வருகிறது என்றால் சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சேதி போய்விடும். அந்த மண்ணில் காலைப் பிடித்து விழுந்தால் முழங்கைத் தோல் மிஞ்சாது. விரிப்பில் ஆடிப் பழகியவர்களுக்கும் மண்ணில் ஆடிவிட்டு விரிப்புக்கு வந்தவர்களுக்கும் விழுகிற விதத்திலேயே வித்தியாசம் தெரியும். பின்னவர்கள் விழும்போது உடம்பைச் சுருட்டிக்கொள்வார்கள், வீணாகச் சறுக்கமாட்டார்கள். சேரலாதன் விழுவதில் அந்தச் சிக்கனம் இருந்தது.

லீக்கில் அவர் ஒரே சட்டையில் நிலைத்தவரில்லை. பெங்களூரு புல்ஸில் தொடங்கி, 2016-இல் பாட்னா பைரேட்ஸ், 2017-இல் புனேரி பல்தான், 2018-இல் யு மும்பா, 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸ், பிறகு ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ். அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பு வரிசையில் நின்றுகொண்டு இப்படி ஊர் ஊராக மாறுகிறவர்கள் நிறைய. அங்கே தலைக்கவசமும் தோள்கவசமும் உண்டு. இங்கே முழங்கை உறையோடு சரி. ஆனால் இரண்டு இடத்திலும் இப்படிப்பட்டவரைப் பற்றிப் பேசும்போது குரலில் ஓர் இரக்கம் ஒட்டிக்கொள்கிறது, எந்த அணியும் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று.

எங்கள் பக்கத்தில் அந்த இரக்கம் எடுபடாது. இங்கே ஸ்பெஷல் தவில் என்று ஒன்று உண்டு. நாகஸ்வரச் செட்டுக்கு நிரந்தரத் தவில்காரர் இருக்க, பெரிய கச்சேரிக்கு வெளியிலிருந்து ஒருவரை வரவழைப்பார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அப்படித்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு வாசித்தார். இன்றைக்கு ஒருவரோடு, நாளைக்கு இன்னொருவரோடு. வாசிக்கிறவர் எங்கே மூச்சு எடுப்பார், எங்கே நிறுத்துவார் என்பதை மேடையில் உட்கார்ந்த சில நிமிஷங்களில் பிடித்துவிட வேண்டும். அந்த வரவுக்குத் தனி மரியாதை, தனிச் சம்பளம். சேரலாதனை அணி மாற்றி அணி ஏலத்தில் எடுத்ததும் இதே கணக்கில்தான். மூலையில் நிற்கத் தெரிந்தவர், எவர் கையைக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்வார்.

ஃபசல் அத்ராசலி கதை இதற்குச் சரியான சான்று. ஈரான்காரர், லெஃப்ட் கார்னர், லீக் கண்ட ஆகச்சிறந்த தடுப்பாளர்களில் ஒருவர். 2016-இல் பாட்னாவில் இவர் கேப்டன், அவர் அதே அணியில். அந்த ஜூலை 31-இல் ஹைதராபாத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பை வாங்கினார்கள். பெயர் முழுவதும் 19 வயது ரைடர் பிரதீப் நர்வாலுக்குப் போயிற்று. நியாயம்தான், அவர் அப்படி ஆடினார். மூன்றே மாதத்தில் அகமதாபாத் உலகக் கோப்பை. சேரலாதன் இந்திய அணியில், 41 வயதில். ஃபசல் ஈரான் அணியில். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 34-32 என்று இடறிய இந்தியா, அக்டோபர் 22-இல் இறுதியாட்டத்தில் ஈரானை 38-29 என்று வென்றது. பிறகு 2018-இல் யு மும்பாவில் இருவரும் மறுபடி ஒரே பக்கம், இந்த முறை ஃபசல் கேப்டன். இரண்டு மூலையும் பேசிக்கொள்வதற்குப் பொது மொழி அதிகம் இருந்திருக்காது. ரைடரை ஃபசல் தன் பக்கமாக இழுக்கும்போது இவர் ஒரு தப்படி உள்ளே வருவதும், இவர் குனிகிற நேரம் ஃபசல் பின்வழியை அடைப்பதும் வாய்ப்பேச்சால் அமைகிற விஷயமில்லை.

எல்லாப் பருவத்தையும் இதே அளவுக்கு ரசித்தேன் என்று சொன்னால் பொய். ஹரியானாவுக்குக் கேப்டனாக இருந்த 2019-இல் அணி பிளே-ஆஃப் வரை போய், அவருடைய பழைய மும்பாவிடமே தோற்று வெளியேறியது. அந்த ஆண்டு வேகமான இளம் ரைடர்கள் அவரை ஓட வைத்துப் போனஸ் எடுத்தார்கள். ஜெய்ப்பூர்ச் சட்டையில் அவர் 46 வயதில் நின்றது, பெங்களூரில் ஒரு ஓட்டலுக்குள் பார்வையாளரே இல்லாமல் நடந்த தொற்றுக்காலப் பருவம். கைதட்டல் இல்லாத கபடி எனக்கு ருசிக்கவில்லை. ஆனால் அப்போதும், முன்னைப் போல் எட்டாத தூரத்துக்குக் கையை நீட்டி ஏமாறாமல், பக்கத்தில் வரும் கால் போதும் என்று பிடிக்கும் எல்லையைத் தானே குறுக்கிக்கொண்டிருந்தார். வயசான ஆட்டக்காரர்களில் பலருக்கு இந்தக் குறுக்கல் கைவருவதில்லை. பழைய வேகம் இன்னும் இருக்கிறது என்று நம்பியே அவுட் ஆவார்கள்.

லீக்கில் அவரை வயது வித்தியாசமில்லாமல் எல்லாரும் 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள், இந்தி பேசும் பையன்கள் உட்பட. இங்கே ராஜன் தோட்டத்து மைதானத்துப் பக்கம் கபடி பேசும் பையன்களுக்கும் அவர் 'அண்ணன்'தான். ஒரே குறை, தமிழ் தலைவாஸ். அந்த அணி 2017-இல் வந்தபோது அண்ணன் புனேவில் இருந்தார். அடுத்த வருஷம் மும்பை, அதற்கடுத்த வருஷம் ஹரியானா. சொந்த மாநிலத்துச் சட்டையில் அவரை அந்த வருஷங்களில் பார்க்க எங்களுக்கு வாய்க்கவில்லை.

2024-இல் வந்தார், ஆட அல்ல. உதயகுமார் தலைமைப் பயிற்சியாளர், சேரலாதன் வியூகப் பயிற்சியாளர். அந்தப் பருவத்தில் தலைவாஸின் ரைட் கார்னரில் நின்றவர் நிதேஷ் குமார். 2018-இல் உ.பி. அணிக்காக ஒரே பருவத்தில் 100 தடுப்புப் புள்ளி எடுத்த முதல் ஆள். அதே 2018-இல் 43 வயது அண்ணன் மும்பையின் மூலையில் நின்றுகொண்டிருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நூறு எடுத்தவருக்குப் பிடிக்கக் கற்றுத்தர என்ன மிச்சம் இருக்கும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிடிக்கவா? எதையெல்லாம் பிடிக்காமல் விடலாம் என்று சொல்லிக் கொடுத்தாலே ஒரு பருவம் போதாதே என்றேன்.