முத்தும் காற்றும்

நிறுவனம் தன் பங்குதாரருக்கு அளிக்கும் அறிக்கையும் ஓர் எழுத்துத்தான். ஆகவே அதுவும் விமர்சனத்துக்குரியது. அதில் யார் இடம்பெறுகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்று மன்னார்க் கரையிலிருந்து பார்ப்போம்.

1905ஆம் ஆண்டு முத்துச் சலாபத்தில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்விளைச்சலை நம்பிய முதலீட்டாளரின் நிறுவனமொன்று, மறு ஆண்டே 20 வருடக் குத்தகை எடுத்தது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபாய். 1907க்குப் பின் பார்களில் சிப்பி அற்றது, நிறுவனமும் கலைந்தது.

2024 மே மாதம் அதே 20 ஆண்டுக் கணக்கு திரும்பிற்று. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை. அதானி கிரீன் நிறுவனத்துக்கு அலகுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என அமைச்சரவை ஒப்பியது. பின்வந்த அரசு விலையைக் குறைக்கக் கோரிற்று; 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் சிப்பி அற்றபோது பங்குதாரன் இழந்தது பணத்தை; மூழ்கியவன் இழந்தது பிழைப்பை. பேரம் முறிந்தால் நிறுவனம் வேறு கரை தேடும். மீனவனுக்கு வேறு கரை ஏது? இவ்வேற்றுமையைச் சொல்லாத அறிக்கை பாதி உண்மையே. மறுபாதியை எழுத வேண்டியவர்கள் நாம்தாம்.